அம்பு தெரியாத ஒரு மணி நேரம்

பல்லி இல்லை. பல்லியென்றால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், இது மூடவில்லை. டிக்கு, டிக்கு, பிறகு யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல் ஓர் இடைவெளி, மறுபடி டிக்கு, டிக்கு. ரெனிட்டா கண்ணைத் திறக்காமலே அந்தச் சத்தத்தை வீடு முழுக்கத் தேடினாள். அடுக்களைக் குழாயா, அது தண்ணீர் வருகிற நாளில்தான் சொட்டும். மின்விசிறியா, அதன் நோவு வேறு, அது முனகும். துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குகிற சத்தம் தூத்துக்குடி முழுக்கக் கேட்கும்தான், ஆனால் இப்படிக் காதுக்குள் வந்து உட்காராது. ஒன்பது மாதமாக அவளுடைய காது அவளுக்காகக் கேட்பதில்லை, தலையணைக்கடியில் கிடக்கிற போனுக்காகத்தான் கேட்கிறது. போனுக்கு இரண்டு குரல் உண்டு. பிள்ளைக்குச் சர்க்கரை கீழே இறங்கினால் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும், மேலே ஏறினால் பள்ளிக்கூட மணி மாதிரி அடிக்கும். தூக்கத்தில் எந்தக் குரல் கேட்டாலும் அதற்கேற்றபடி கை தானாகப் போகும், அலறலுக்குக் குளுக்கோஸ் டப்பாவை நோக்கி, மணிக்கு இன்சுலின் பேனாவை நோக்கி. இந்த மூன்றாவது குரலுக்குக் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் போர்வையில் கிடந்தது. கடைசியில் போனை எடுத்துப் பார்த்தாள். மணி ஒன்று ஐம்பது. சென்சார் வேலை செய்யவில்லை, புதியதை மாற்றவும். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. டார்ச்சைப் போட்டாள். ஆறரை வயது ஜோவிட்டா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் சர்க்கரையை அளக்கிற சென்சார் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சிவந்த வட்டம் மட்டும் இருந்தது. சென்சார், நான்கு நாள்கூட ஆகாத சென்சார், ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக, படுக்கை விரிப்பில் மல்லாந்து கிடந்தது. அதன் நடுவிலிருந்து மயிரிழை போன்ற ஊசிநாக்கு நட்டுக்கொண்டு நின்றது. ஓரத்துப் பசை சுருண்டு, டார்ச் வெளிச்சத்தில் மினுமினுத்தது. பத்தொன்பது நாளில் இது மூன்றாவது. முந்தைய இரண்டும் பகலில், போன் வேறெங்கோ கிடக்கும்போது விழுந்தவை. ராத்திரியில் விழுந்தது இதுதான் முதல் தடவை.

விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. மற்ற நாளென்றால் மாதாவே நன்றி என்று படுத்துவிடுகிற எண். ஆனால் நூற்றுப் பதினெட்டு என்பது ஏணியில் ஒருவன் நிற்கிற போட்டோ. ஏறுகிறானா இறங்குகிறானா என்று போட்டோவுக்குத் தெரியாது. சென்சார்தான் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு போட்டுச் சொல்லும், நேராக, சாய்வாக, செங்குத்தாகக் கீழே. இன்றைக்குப் பார்த்து அந்த அம்பு இல்லை. சாயந்திரம் பங்குக் கோயில் விளையாட்டு விழாவில் பிள்ளை சாக்கு ஓட்டம் ஓடியிருக்கிறாள், ஒன்றல்ல மூன்று தடவை, போதும் இறங்கு என்றால் கேட்டாளா, எல்லாப் பிள்ளைகளும் ஓடுதும்மா என்றாள், அந்த முகத்தைப் பார்த்து எந்தத் தாய் வேண்டாம் என்பாள். ஓடினால் சர்க்கரை அப்போதே முழுக்க இறங்கிவிடாது, ஏழெட்டு மணி நேரம் கழித்து, ஊர் அடங்கின பிறகு, தூக்கத்தில் இறங்கும். டாக்டர் இதைத்தான் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அலமாரியில் இருந்தது ஒரே ஒரு புதுப் பெட்டி. இதுவும் விழுந்தால் மதுரையிலிருந்து கூரியர் வருகிறவரைக்கும் குருட்டுப் பிழைப்புதான். இடது கையை விட்டாள், அது வெந்து கிடந்தது. வலது கையின் பின்பக்கத்தைச் சோப்புத் துணியால் துடைத்து, ஸ்பிரிட் தடவி, ஊதக் கூடாது, ஊதினால் எச்சில் படும், கையை வீசிக் காயவைத்து, அந்தக் கிண்ணம் போன்ற கருவியை வைத்து அழுத்தினாள். டப். ஜோவிட்டா அரைத் தூக்கத்தில், "வேணாம்மா, நாளைக்கு நல்ல பிள்ளையா இருப்பேன்" என்றாள். இது தண்டனை இல்லடி என் தங்கமே என்று ரெனிட்டா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். போனைப் புதுச் சென்சாரின் மேல் காட்டினாள். சென்சார் தயாராகிறது, அறுபது நிமிடங்கள். விளக்கை அணைத்துவிட்டு, சின்ன நீல விளக்கு மட்டும் எரிய, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். அறுபது. ஐம்பத்தொன்பது. பிள்ளையின் நெற்றியில் வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தது. யாருக்குத்தான் வியர்க்கவில்லை இந்த ஊரில்.

பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறாள். கடற்கரையில் நிற்கிறாள், கையில்லாத சட்டை, கையில் சென்சார், கூந்தல் பறக்கிறது. அது எந்த ஊர்க் கடலோ, அவளுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. இங்கே உப்புக் காற்றில் சுவர்ச் சுண்ணாம்பே நிற்காமல் உதிர்கிறது, பசை எப்படி நிற்கும். மேலே ஒரு டேப் ஒட்டினால் டேப்புக்கு அரிக்கிறது, டேப்பை எடுத்தால் தோல் கூட வருகிறது, பிள்ளை ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிகிறாள். சட்டை மாட்டும்போது கை தடுக்கிறது, நிலைப்படியில் இடிக்கிறது, பேருந்தில் ஒரு மனுஷி இது என்ன பட்டன் என்று திருகியே பார்த்துவிட்டாள். திருகுவாளாம்! அடுத்தவன் பிள்ளையின் உடம்பைத் திருகுவதற்கு இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது. ஆனால் அன்றைக்கும் ரெனிட்டா என்ன சொன்னாள், "பரவாயில்லைங்க" என்றாள். கான்வென்ட் அப்படித்தான் வளர்த்திருந்தது, கால் மிதிபட்டவள்தான் முதலில் சாரி சொல்ல வேண்டும். அதே கான்வென்ட் பள்ளியில்தான் இப்போது ஜோவிட்டாவும் ஒன்றாம் வகுப்பு. தான் படித்த பெஞ்சு, தான் படித்த ஜெபம், தனக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இப்போது தலைமையாசிரியை. அந்தச் சிஸ்டருக்கு ரெனிட்டா நல்ல ஆங்கிலத்தில், ஓரம் விட்டு, வரி சாயாமல் கடிதம் எழுதினாள், சென்சாரோடு பேசுகிற போன் பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும், இருபதடி தாண்டினால் சென்சார் பேசாது என்று. சிஸ்டர் கடிதத்தைப் படித்து, "உன் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கு ரெனிட்டா" என்று சிரித்தார். போனை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளியில் மொபைலுக்கு அனுமதி இல்லை, யாருக்கும் இல்லை, விதி என்றால் விதி. பிள்ளை மாடியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, போன் கீழே பீரோவுக்குள் இருட்டில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் விழித்தது. நீளக் கை வைத்த சட்டை போட்டு அனுப்பு, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வேறு. யாருக்குப் பயம்? ஜோவிட்டா வகுப்பில் நான் ரோபோ என்று சொல்லியிருக்கிறாள், பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்திருக்கின்றன, பயந்த பிள்ளைகள் வரிசையில் நிற்குமா. பயம் அவர்களுக்கு இல்லை சிஸ்டர், பயம் எனக்கு. இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது "தேங்க் யூ சிஸ்டர்". நாற்பத்தாறு நிமிடம். நாற்பத்தாறா, இவ்வளவு நேரமும் இவ்வளவுதானா. பிள்ளையின் மூச்சு மாறுகிறதா. இல்லை, அது போர்வை.

கையை அடியில் போட்டுப் படுத்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். அந்தக் கதை தனி. முதல் மாதத்தில் ஒரு ராத்திரி போன் அலறியது, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு என்றால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், டாக்டர் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. ரெனிட்டா தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்பி, கடைவாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றி, கால் மணி கழித்து மறுபடி ஊற்றி, மறுபடி, பிள்ளை கக்கி, அழுது, விடியும்போது முந்நூற்றுப் பத்து. டாக்டர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார், "சென்சார் இருக்கிற கை மேலயே படுத்திருப்பா. அமுங்கினா அது கம்மியாத்தான் காட்டும். புரட்டிப் போட்டு, விரல்ல குத்திப் பாத்துட்டு அப்புறம் குடுக்கணும்மா." இதை முந்தின நாளே சொல்வதற்கு என்ன. படுத்தால் பொய் சொல்லும் ஒரு சாமானைப் படுத்துத் தூங்குகிற பிள்ளைக்கு ஒட்டி அனுப்புகிறவர்கள், அதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டார்களா. சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை, வேண்டாதவர்கள் நிறுத்துவதில்லை. சின்னப் பிள்ளைக்கா சுகரு, மாசமா இருக்கும்போது மக்ரூன் அதிகமாத் தின்னியோ என்று கேட்ட நாத்தனார். எல்லாம் சரியாப் போயிரும், நெகட்டிவா யோசிக்காத என்று கப்பலிலிருந்து பேசுகிற கிளாரன்ஸ். ஏழு கடலுக்கு அப்பால் எஞ்சின் ரூமில் உட்கார்ந்துகொண்டு, நெட் கிடைக்கிறபோது போனில் மகளின் எண்ணைப் பார்த்து, ஏன் இருநூறு, என்ன குடுத்த என்று மெசேஜ் போடுகிற புருஷன். எண் எல்லாருக்கும் தெரிகிறது, ராத்திரி எழும்புவது ஒருத்திதான். போன வாரம் இரண்டாவது சென்சார் விழுந்தபோது கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டாள். அந்தப் பெண் இனிக்க இனிக்கக் கேட்டாள், "ஆயில், லோஷன் ஏதாச்சும் யூஸ் பண்றீங்களா மேடம்?" ரெனிட்டாவுக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். ஆயிலா, நான் வழிமுறைத் தாளை மூன்று மொழியிலும் படித்தவள், பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதையே நிறுத்தினவள், உங்கள் பசை சரியில்லை என்பதற்கு என் தலையில் எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று வெடித்தாள். போனை வைத்த பிறகு பெருமையாக இருந்தது. எண்ணெயாம். முப்பத்தெட்டு நிமிடம். விழுந்த சென்சார் இன்னும் மடியில் கிடந்தது. அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள், ஏன் என்று தெரியவில்லை. மெழுகுத்திரியும் தேங்காயும் கலந்த ஒரு வாசனை. கோயில் வாசனை. சாயந்திரம் கோயில் வளாகத்தில் ஓடினதால் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள், அந்த நினைப்பு முடிவதற்குள் கதவு அசைந்தது.

மாமி. கிளாரன்ஸின் அம்மா, எமில்டா மாமி. ராத்திரி எழும்பி ஜெபமாலை சொல்கிறவள், அதற்காக வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை, ரெனிட்டாவே அந்த முணுமுணுப்பில் எத்தனையோ நாள் ஆறுதலாகத் தூங்கிப்போயிருக்கிறாள். செருப்பில்லாமல், நைட்டியின் மேல் ஒரு துண்டு போட்டு, நீல வெளிச்சத்தில் நீந்துகிற மாதிரி வந்தாள். தரையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கையில் ஒரு சின்ன பாட்டில். கட்டிலருகே குனிந்து, பழகின கை பழகின இடத்துக்குப் போகிறது போல ஜோவிட்டாவின் இடது கையைத் தடவினாள். தடவினாள், நிறுத்தினாள், மறுபடி தடவினாள். பிறகு அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"மாதாவே," என்றாள் மாமி, அழுகிற குரலில், சந்தோஷத்தில் அழுகிற குரலில். "தள்ளிட்டியா தாயே. இதையும் தள்ளிட்டியா. ஒனக்குக் கோடி புண்ணியம்."

வாசனை, மினுமினுப்பு, மூன்று சென்சார், பத்தொன்பது நாள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மாமி அதற்குள் கட்டிலைச் சுற்றி வந்து வலது கையைக் கண்டுபிடித்துவிட்டாள். "இங்க வேறயா ஒட்டிட்டா பாவி மக" என்று முணுமுணுத்து, பாட்டிலைக் கவிழ்த்து விரலை நனைத்து, சிலுவை போடக் கையைத் தூக்கினாள். ரெனிட்டா எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யேசுவே!" மாமி துள்ளினாள். "ஏட்டி, நீ முழிச்சா இருக்க? உசுரே போயிட்டு."

"என்ன மாமி பண்ணுதீய?"

"ஒன்னுமில்லட்டி. கோயில் எண்ணெ. மாதா பாதத்துல வச்சு மந்திரிச்சது. இருவத்தோரு நாள் நேர்ச்ச. இன்னைக்குப் பத்தொம்பது."

"தெனமுமா?"

"நீ நல்லா அசந்து தூங்குவ, பாவம். எழுப்புவானேன்னு."

"அந்த எண்ணெயிலதான் மாமி அது விழுது. பசை நிக்காது."

"எண்ணெயில விழுதாம்! ஒட்டின சாமான மனுசன் எண்ணெ போட்டா எடுப்பான்? பிச்சில்ல எடுப்பான்." மாமியின் குரல் அடங்கி, ரகசியம் சொல்கிற குரலாயிற்று. "ஒடம்பே தள்ளுதுட்டி. வேண்டாம், இனி எனக்கு வேண்டாம்னு தள்ளுது. மொத தடவ விழும்போது நான் நம்பல. ரெண்டாவது விழும்போது அழுதுட்டேன். பிள்ள சொகமாவுதுன்னு சொல்லுது மாதா, ஒனக்குத்தான் கேக்க மாட்டேங்கு."

ரெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பில்லை. ராத்திரி ராத்திரி பிள்ளையின் கண்ணைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு, பார்வை வந்துவிட்டது என்று முழங்கால் போட்டிருக்கிறாள் இந்த மனுஷி. நான் அந்தக் கம்பெனிப் பெண்ணிடம் அப்படிக் கத்தினேன். அவள் கேட்டது சரிதான். அவளிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது. இல்லை, கேட்கப் போவதில்லை, எதற்குக் கேட்க வேண்டும், என் வீட்டில் என் பிள்ளைக்கு நடப்பது எனக்கே தெரியாதபோது.

"மாமி, அது மருந்து இல்ல. அது விழுந்தா நோவு போயிராது. சர்க்கரை இறங்குதா ஏறுதான்னு சொல்லுத சாமான், அவ்வளவுதான். நோவு கையில இல்ல, உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

"வயித்துக்குள்ள. உங்க எண்ணெ போவாத எடத்துல."

"மாதா போவாத எடம் ஒன்னு உண்டோ?"

"அப்போ நெத்தியில பூசுங்க. கால்ல பூசுங்க. என் தலையில ஒரு பாட்டில ஊத்துங்க. இந்தக் கையில தொடக் கூடாது."

மாமி கையை உருவிக்கொண்டாள். "என்னட்டி பேச்சு பேசுத. நான் என்ன வெஷமா வச்சேன்? நான் வளக்காத பிள்ளையா? கிளாரன்ஸுக்கு மஞ்சக்காமால வந்தப்போ எந்த மிசினு காப்பாத்திச்சு?" பாட்டிலைத் திருகி மூடினாள். "நீ மட்டுந்தான் பயப்படுதன்னு நெனச்சுக்கிடாத. ஒனக்காவது நம்பரு தெரியுது. எனக்கு எதத் தெரியும்? நீ ஊசிய எடுக்கும்போதெல்லாம் நான் அடுக்களைக்குள்ள போய் நிக்கேன்."

அது உண்மை. அது உண்மை என்பதால்தான் ரெனிட்டாவுக்கு இன்னும் கோபம் வந்தது. எல்லாருடைய பயத்துக்கும் ஒரு ஆறுதல் இருக்கிறது, சிஸ்டருக்கு விதி, கிளாரன்ஸுக்குக் கப்பல், மாமிக்கு எண்ணெய், அவர்களுடைய ஆறுதலுக்கெல்லாம் இந்தப் பிள்ளையின் ஒரு சாண் கைதான் கிடைத்ததா. சாரி என்கிற வார்த்தை வழக்கம்போல் தொண்டைக்கு வந்தது. விழுங்கினாள். "நீங்க வெளிய போங்க மாமி. நான் குத்திப் பாக்கணும்." மாமி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற போக்கில் பிள்ளையின் நெற்றியில் மட்டும் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போனாள். விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு. எண்பத்தொன்று. நூற்றுப் பதினெட்டிலிருந்து எண்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே போனால் அபாயம். ஏணியில் நிற்கிறவன் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், இவ்வளவு நேரமும், இவர்கள் மாதாவையும் பசையையும் பேசிக்கொண்டிருந்தபோது. நேற்று மட்டும் அந்த எண்ணெய் படாமல் இருந்தால் அம்பு ஒரு மணி நேரத்துக்கு முன்பே சாய்ந்து காட்டியிருக்கும். டிக்கு டிக்கு என்ற சத்தம் காதில் விழாமல் தூங்கியிருந்தால்? அதை நினைக்காதே. நினைத்தாள். காலையில் கைகால் விறைத்த ஒரு பிள்ளை, பக்கத்தில் எண்ணெய் மினுங்குகிற ஒரு வெள்ளை நாணயம், அதைக் கையில் எடுத்து மாதாவுக்கு நன்றி சொல்கிற ஒரு கிழவி. "ஜோவி, எழும்பு, என் ராசாத்தி, ரெண்டு மடக்கு." ஆப்பிள் ஜூஸ் டப்பாவின் உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமல் உறிஞ்சினாள். "இது ஆரஞ்சு இல்ல," என்று குறை சொன்னாள். "நாளைக்கு ஆரஞ்சு." "சாக்கு ரேஸ்ல நான்தான் செகண்ட்." "தெரியும்டி, குடி." முழு டப்பாவும் காலியாகிறவரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தாள். பல் விளக்காமல் தூங்குகிறாள், சொத்தை விழும், விழட்டும், பிள்ளை இருந்தால்தானே பல். பதினாறு நிமிடம். பதினைந்து. மறுபடி குத்த வேண்டும். எந்த விரல்? எல்லா விரல் நுனியிலும் கருப்புப் புள்ளி, எறும்பு கடித்த மாதிரி. சுண்டுவிரல். தொண்ணூற்று நான்கு. வெளியே நடையில் மாமியின் முணுமுணுப்பு தொடங்கி, நின்று, தொடங்கியது; போய்ப் படுக்கவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள் போல. ரெனிட்டா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. இரண்டு. திரை ஒரு தடவை வெளுத்தது. தொண்ணூற்றேழு, பக்கத்தில் அம்பு, நேராக, தரையோடு படுத்த அம்பு. முதல் நாள் சென்சார் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும், தெரியும், ஆனாலும் விரலும் அதுவும் ஒரே வார்த்தையைச் சொல்கின்றன. அவளுடைய தோள் இரண்டும் காதோரத்திலிருந்து கீழே இறங்கின. அவை அங்கே ஏறியிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

கதவின் இடுக்கில் மாமியின் குரல். "பிள்ளைக்கு எவ்வளவுட்டி இருக்கு?"

ஒன்பது மாதத்தில் மாமி எண்ணைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ரெனிட்டாவுக்கு நெஞ்சு இளகியது. "தொண்ணூத்தி ஏழு மாமி. நேரா நிக்கு."

"நல்லதா அது?"

"நல்லது."

"மாதாவே ஸ்தோத்திரம்." பிறகு, மெல்ல, கெஞ்சுகிற மாதிரி, "அப்போ இனி ஒன்னும் ஆவாதில்லா? ரெண்டு நாள்தான் பாக்கிட்டி. நேர்ச்சய முறிக்கப்பிடாது. நீ படுத்துத் தூங்கு. நான் ஒரே ஒரு சொட்டு, ஓரத்துல..."

கதவு ஒரு விரல் அளவு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. ரெனிட்டா எழுந்து போய் அதை உள்ளங்கையால் மூடினாள். அந்தப் பக்கத்துக் கையின் கனம் பலகையின் வழியாகத் தெரிந்தது, வயதான, பிடிவாதமான, அன்பான கனம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அறைக்கு யாரும் தாழ் போட்டதில்லை. தாழ்ப்பாளின் மேல் எத்தனை கிறிஸ்துமஸ் பெயின்டோ ஏறி, அது கதவோடு கதவாகச் செத்துக் கிடந்தது. கட்டை விரலால் தள்ளினாள், அசையவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். "என்னட்டி செய்யுத? ஏட்டி ரெனி?" இரண்டாவது அடியில் பெயின்ட் ஒரு செதிலாகப் பெயர்ந்து கால் மேல் விழுந்தது. மூன்றாவது அடியில் தாழ்ப்பாள் கிரீச்சிட்டு ஓடிப்போய்த் துளைக்குள் இறங்கியது.